திரைக்குப் பின்னும் திரையிலும்: இஸ்லாத்தில் பெண் தலைமை பற்றிய ஒரு மறுவாசிப்பு

1641இல் அச்சே சுல்தான் இஸ்கந்தர் தானி மறைந்தபோது அவருடைய மனைவி அரியணை ஏறினார். தாஜுல் ஆலம் ஸஃபியத்துத்தீன் ஷாஹ் என்ற அந்த அரசி, சுமத்ராவின் வடமுனையில் மிளகு வணிகத்தால் செழித்திருந்த ஒரு முஸ்லிம் நாட்டை 34 ஆண்டுகள் ஆண்டார். அவருக்குப் பின் மேலும் 3 பெண்கள், 1699 வரை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் துணிப்பொதிகளோடு அங்கே கப்பல் செலுத்திய மரக்காயர்கள், தலைமுறைக்கும் மேலாக ஒரு பெண்ணின் துறைமுகத்தில்தான் நங்கூரமிட்டார்கள். அவைக்குச் சென்ற டச்சுக்காரர்களின் குறிப்புகளில் அரசி திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். குரல்தான் வெளியே வந்தது, ஆட்சி நடந்தது.

இன்று பெண்ணின் குரல் வேறொரு திரையில் வருகிறது. யூடியூபில் தஃப்ஸீர் வகுப்பு நடத்தும் ஆலிமா, தனியார் சட்டச் சீர்திருத்தம் பற்றி நேரலையில் வாதாடும் வழக்கறிஞர், வாட்சப் குழுவில் மாதவிடாய்ச் சட்டங்கள் பற்றிய கேள்விக்குக் குரல்பதிவில் பதில் சொல்லும் உஸ்தாதா ஆகியோர் பொதுவெளியில் ஒரு தலைமையைச் செலுத்துகிறார்கள். இவர்களை எதிர்ப்போரும் சரி, ஆதரிப்போரும் சரி, உடனே கையிலெடுப்பது அரசாட்சி பற்றிய ஒரு ஹதீஸைத்தான். அந்த ஹதீஸ் எப்படி வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது, டிஜிட்டல் வெளியின் தலைமைக்கு அது பொருந்துமா, பொருந்தாதென்றால் மரபில் வேறெந்தப் பகுதி பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விவாதம் தவறான அத்தியாயத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

ஒரு ஹதீஸும் அதன் வாசிப்புகளும்

ஸஹீஹுல் புகாரியில் அந்த அறிவிப்பு இருக்கிறது. அறிவிப்பவர் அபூபக்ரா (முதல் கலீஃபா அபூபக்ர் வேறு, இவர் வேறு). ஹிஜ்ரி 36இல், அதாவது 656இல், பஸ்ரா அருகே நடந்த ஜமல் போரில் ஆயிஷா (ரலி) அவர்களின் அணியில் சேர இருந்த தம்மை, நபிகளாரிடம் முன்பு கேட்ட ஒரு சொல் தடுத்தது என்கிறார் அவர். பாரசீகர்கள் கிஸ்ராவின் மகளை அரியணையில் அமர்த்திய செய்தி வந்தபோது, தன் காரியத்தை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது என்ற பொருளில் நபிகளார் சொன்னார்களாம்.

பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்கள் இதைப் பொதுத் தடையாகவே எடுத்துக்கொண்டார்கள். கலீஃபா பதவி ஆணுக்குரியது என்பதில் அவர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவியது.

மொரோக்கோ சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னிஸி 1987இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில் அறிவிப்பாளரையே கேள்விக்குள்ளாக்கினார். கால் நூற்றாண்டு கழித்து, ஆயிஷா தோற்ற பின், இந்த நினைவு ஏன் வந்தது என்று கேட்டார். முகீரா இப்னு ஷுஅபா மீதான விபச்சாரக் குற்றச்சாட்டில் நான்காவது சாட்சி உறுதியாகச் சொல்லாததால், உமர் (ரலி) காலத்தில் அபூபக்ராவுக்குக் கசையடி கிடைத்ததையும் சுட்டினார். அவதூறு சொன்னவரின் சாட்சியத்தை ஏற்காதீர்கள் என்று குர்ஆன் (24:4) சொல்லும்போது இவருடைய அறிவிப்பை மட்டும் எப்படி ஏற்பது என்பது அவர் கேள்வி.

மெர்னிஸியின் இந்த இரண்டாவது அடி அவ்வளவு பலமானதல்ல என்றே நினைக்கிறேன். சாட்சியம் வேறு, ஹதீஸ் அறிவிப்பு வேறு என்று ஹதீஸ்கலை பிரித்தே வைத்திருக்கிறது. அபூபக்ரா வசைபாடியவராக வரவில்லை, சாட்சியாக வந்தார் என்ற பழைய விளக்கத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மெர்னிஸியின் முதல் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. ஜமலில் ஆயிஷாவோடு நின்றவர்கள் தல்ஹாவும் ஸுபைரும். இருவருமே மூத்த நபித்தோழர்கள். போரில் கண்ட தோல்வியைப் பெண் தலைமையின் தோல்வியாக வாசிப்பவர்கள், அதே அணியில் நின்ற இந்த இருவரின் தோல்வியை ஆண் தலைமையின் தோல்வியாக வாசிப்பதில்லை. ஆயிஷா பின்னாளில் வருந்தினார்கள் என்ற அறிவிப்புகளுக்கும் இது பொருந்தும். முஸ்லிம்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதற்கு வருந்தப் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாசிப்பு எகிப்தின் ஷேக் முஹம்மது அல்கஸ்ஸாலியுடையது. (இஹ்யா எழுதிய இமாம் அல்ல, 1989இல் ஹதீஸ் பற்றிய தம் நூலால் அரபுலகில் பெரும் புயலைக் கிளப்பியவர்.) ஹதீஸ் சரியானது, ஆனால் அது சிதைந்துகொண்டிருந்த ஒரு பாரசீக வம்சத்தைப் பற்றிய கணிப்பு, சட்டமல்ல என்றார். அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியின் கதையை ஓதிக்காட்டிய நபி, அதற்கு முரணான ஒரு பொதுவிதியை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேட்டார். அந்த அரசி அவையினரைக் கலந்தாலோசிக்கிறார் (27:32), படையெடுப்பின் விளைவை எடைபோடுகிறார் (27:34), இறுதியில் இறைவனை ஏற்கிறார். குர்ஆன் குறைசொல்வது சூரிய வணக்கத்தை, ஆட்சியை அல்ல. பாகிஸ்தானை வென்று இரண்டாக்கிய இந்திரா காந்தியைக்கூட அந்த அஸ்ஹர் அறிஞர் உதாரணம் காட்டினார் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. குர்ஆனின் கதைகள் சட்டமூலங்கள் அல்ல, முந்தைய சமூகத்தின் வழக்கம் நமக்கு விதியாகாது என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் நடைமுறையில் எதிர்த்தரப்பே தன் நிலையில் நிற்கவில்லை. போபாலை 1819 முதல் 1926 வரை 4 பேகம்கள் ஆண்ட வரலாற்றை முன்வைத்து, ஆலோசனை வழி நடக்கும் ஆட்சியை இந்த ஹதீஸ் தொடாது என்ற கருத்தை மௌலானா அஷ்ரஃப் அலி தானவி எழுதினார். தலைமை ஆணுக்கே என்று எழுதிய மௌதூதியின் ஜமாஅத்தே இஸ்லாமி, பாகிஸ்தானின் 1965 தேர்தலில் அயூப் கானுக்கு எதிராக ஃபாத்திமா ஜின்னாவை ஆதரித்தது. தேவை வந்தபோது வாசல் திறந்திருக்கிறது. எப்போது தேவை வருகிறது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விலாயத்தும் ரிவாயத்தும்

ஃபிக்ஹு நூல்களில் 'பெண் தலைமை' என்று ஒரு தலைப்பு கிடையாது. பதவிவாரியாகத்தான் பேசுகிறார்கள். காழி பதவியில் கருத்து வேறுபாடு உண்டு: பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விவகாரங்களில் அவள் தீர்ப்பும் வழங்கலாம் என்பது ஹனஃபி நிலை; எல்லா விவகாரங்களிலும் வழங்கலாம் என்று தபரி சொன்னதாக வருகிறது; மாவர்தி அதை மேற்கோள் காட்டிவிட்டு நிராகரிக்கிறார். மதீனாவின் சந்தை நிர்வாகத்தில் உமர் (ரலி) அஷ்ஷிஃபா என்ற பெண்ணுக்குப் பொறுப்புத் தந்தார்கள் என்ற செய்தியை இப்னு ஹஸ்ம் ஆதாரமாக்குகிறார், மாலிகி அறிஞர் இப்னுல் அரபி பொய் என்று ஒதுக்குகிறார். இன்று மேடைகளில் தயக்கமின்றிச் சொல்லப்படும் இந்த உதாரணம் இவ்வளவு பலவீனமான நிலத்தில் நிற்கிறது என்பதைப் பெண்ணுரிமை பேசுவோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தச் சர்ச்சைகள் எல்லாமே விலாயத் பற்றியவை. ஆணையிட்டுப் பணியவைக்கும் அதிகாரம் அது. அறிவை எடுத்துச் சொல்லும் அதிகாரத்தில், அதாவது ரிவாயத்தில், நிலைமை தலைகீழ். 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா, புகாரியின் முக்கியப் பிரதி ஒன்றின் அறிவிப்பாளர். ஹஜ்ஜுக்குப் போன பக்தாத் அறிஞர் அல்கத்தீப் அவரிடம் புகாரியைப் படித்தார். காரியத்தைப் பெண்ணிடம் ஒப்படைக்காதே என்று வாசிக்கப்படும் ஹதீஸ் அடங்கிய நூலை ஒரு பெண்ணிடம் படித்திருக்கிறார்! அவருக்கு அதில் முரண் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டும் அவருக்கு வேறுவேறு இனங்கள். முஹம்மது அக்ரம் நத்வி தொகுத்து 2021இல் 43 தொகுதிகளாக வெளிவந்த பெண் முஹத்திஸ்களின் வரலாற்றில் சுமார் 10,000 பெயர்கள் இருக்கின்றன.

ஃபத்வா இந்த இரண்டில் எந்தப் பக்கம்? இமாம் நவவி தம் அல்மஜ்மூஃ முன்னுரையில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறார்: முஃப்தி, ஹதீஸ் அறிவிப்பாளரைப் போன்றவர், சாட்சியைப் போன்றவர் அல்லர், ஆகவே ஆணாக இருப்பது அவருக்கு நிபந்தனையல்ல. நவவி ஷாஃபிஈ மத்ஹபின் மையத்தூண். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை, அச்சே வரை கடலோரம் முழுவதும் பின்பற்றப்படுவது அந்த மத்ஹபுதான்.

டிஜிட்டல் தலைமையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் விவாதத்தின் இடமே மாறிவிடுகிறது. யூடியூபில் பேசுபவர் யாரையும் பணியவைக்க முடியாது. கேட்பவர் விரும்பினால் மூடிவிட்டுப் போகலாம். கற்பிப்பது, விளக்குவது, ஆலோசனை சொல்வது, ஒரு கோரிக்கையைச் சுற்றி ஆள் திரட்டுவது எல்லாம் கிஸ்ராவின் மகளின் அரியணையிலிருந்து வெகு தொலைவில், கரீமாவின் பாடத் திண்ணைக்கு அருகில் இருக்கின்றன. ஆகவே இங்கே கேட்க வேண்டியவை ரிவாயத்தின் கேள்விகள். இவர் யாரிடம் கற்றார்? நேர்மையானவரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு ஆண் பெண் பேதமில்லை. நேர்மையாகக் கேட்டால், தாடியும் தலைப்பாகையுமாக லட்சக்கணக்கான பார்வைகளைக் குவிக்கும் எத்தனை ஆண் பேச்சாளர்கள் தேறுவார்கள் என்பது சங்கடமான விஷயம்.

உடல் விலகிய பின்னும்

பெண் வெளியே வருவதற்கு எதிரான பழைய வாதங்கள் உடலைச் சுற்றியவை: பயணம், மஹ்ரம் துணை, ஆண்களோடு கலத்தல், குரல். இணையத்தில் முதல் மூன்றும் ஏறக்குறைய உதிர்ந்துவிடுகின்றன. 2020இன் ஊரடங்கில் மார்க்க வகுப்புகள் கைபேசிக்கு வந்தபோது, கேமராவை அணைத்துவிட்டு வீட்டிலிருந்தே பாடம் நடத்திய ஆலிமாக்களிடம் ஃபிக்ஹு நூல்களின் நிபந்தனைகளில் எதுவும் மீறப்படவில்லை. எஞ்சுவது குரல். அது அவ்ரத் (மறைக்க வேண்டியது) அல்ல என்பதே ஷாஃபிஈகளிடம் நிலைபெற்ற கருத்து. ஹனஃபிகளிடம் இரு கருத்துகள். குர்ஆன் (33:32) குழைந்து பேசுவதைத் தடுத்துவிட்டு, அதே வசனத்தில் நல்ல முறையில் பேசச் சொல்கிறது. நபிகளாருக்குப் பின் ஆயிஷா அவர்கள் திரைக்கு அப்பாலிருந்து தலைமுறைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பிற நபித்தோழர்களின் அறிவிப்புகளில் அவர்கள் செய்த திருத்தங்களை 14ஆம் நூற்றாண்டில் ஸர்கஷி தனி நூலாகவே தொகுத்தார்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் விலகிய பின்னும் தடை நீடிக்கிறது. அப்படியானால் அந்தக் காரணங்கள்தாம் உண்மையில் தடையைத் தாங்கி நின்றனவா? ஆலிமா பெண்களுக்கு மட்டும் பேசும்வரை யாரும் முகம் சுளிப்பதில்லை. நிக்காஹ்நாமா, தலாக், ஜமாஅத் தீர்ப்பு பற்றி அவர் பேசத் தொடங்கும்போதுதான் குரல் அவ்ரத் என்பது நினைவுக்கு வருகிறது.

இஃப்க்: பரப்பியவர்களின் கதை

இணையத்தில் பெண்ணை உண்மையாக முடக்குவது ஃபத்வா அல்ல, அவதூறு. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் கிட்ஹப் தளத்தில் ஒரு செயலி தோன்றியது. பொதுவெளியில் பேசிய 80க்கும் மேற்பட்ட இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்கள் ஏலத்துக்கு இருப்பதாகக் காட்டியது. 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்ற பெயரில் அதே அசிங்கம் திரும்ப வந்தது. இரண்டாவது வந்த பிறகுதான் முதலாவதைச் செய்தவர் கைதானார். இலக்கானவர்கள் பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் போன்றோர்; குரல் எழுப்பியதே அவர்கள் குற்றம்.

அது வெளியிலிருந்து வந்தது. உள்ளிருந்து வருவதும் உண்டு. சமூகச் சீர்திருத்தம் பேசும் முஸ்லிம் பெண்ணின் பழைய படம், வெட்டி ஒட்டிய குரல்பதிவு, 'யார் வீட்டுப் பெண் தெரியுமா' என்ற குறிப்போடு குழுவுக்குக் குழு போகிறது. அனுப்புபவர் தொழுகையாளியாகவும் இருப்பார்.

இந்த இடத்தில்தான் குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், இன்றைய நிலைக்கே இறங்கியதுபோல் நிற்கிறது. பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் தொலைந்த கழுத்துமாலையைத் தேடிப்போன ஆயிஷா பின்தங்கிவிட்டார். ஸஃப்வான் என்ற தோழர் அழைத்து வந்தார். மதீனா ஒரு மாதம் கிசுகிசுத்தது. அந்த அவதூறுக்குத்தான் இஃப்க் என்று பெயர். வசனங்கள் (24:11–20) ஆயிஷாவின் தூய்மையைச் சொன்னதோடு நிற்கவில்லை. பெரும் பகுதி கேட்டவர்களைக் கண்டிக்கிறது: கேள்விப்பட்டவுடன் நல்லெண்ணம் கொள்ளாதது ஏன், 4 சாட்சிகள் எங்கே, அறியாததை நாவிலிருந்து நாவுக்குக் கடத்தி அதை அற்பமாக நினைத்தது ஏன்? ஃபார்வர்ட் செய்பவருக்கு இதைவிட நேரான விலாசம் இருக்க முடியாது.

அறிவிப்புகள் தரும் இன்னொரு விவரம் முக்கியமானது. கதையைக் கட்டிய அப்துல்லாஹ் இப்னு உபைக்குப் பெரும்பாலான அறிவிப்புகளின்படி கசையடி இல்லை. அடிபட்டவர்கள் மிஸ்தஹ், கவிஞர் ஹஸ்ஸான், ஹம்னா என்ற பெண். மூவரும் நம்பிக்கையாளர்கள், வாங்கிக் கடத்தியவர்கள். மிஸ்தஹ், ஆயிஷாவின் தந்தை அபூபக்ரின் உதவியில் வாழ்ந்த உறவினர். கோபத்தில் உதவியை நிறுத்தச் சத்தியம் செய்த அபூபக்ரை, மன்னிக்கச் சொல்லி வந்தது 24:22.

சட்ட நுணுக்கத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. கஸ்ஃபு என்ற குற்றமும் அதன் 80 கசையடியும் விபச்சாரக் குற்றச்சாட்டுக்கு மட்டுமே உரியவை. படத்தைத் திரித்தல், கேலி, ஆபாசம் எல்லாம் ஃபிக்ஹின்படி தஃஸீருக்குள் வரும், அதாவது நீதிபதி தீர்மானிக்கும் தண்டனைக்குள். எல்லாவற்றையும் கஸ்ஃபு என்று அழைக்கும் நவீன எழுத்துகளின் ஆர்வம் புரிகிறது, துல்லியம் இல்லை. ஆனால் அறநெறியின் திசையில் ஐயமில்லை. சுமை பேசும் பெண்ணின் மேல் இல்லை, கேட்டுக் கடத்தும் கூட்டத்தின் மேல் இருக்கிறது. செய்தி வந்தால் விசாரித்து உறுதிசெய் (49:6), துருவாதே, புறம்பேசாதே (49:12) என்ற கட்டளைகளும் கேட்பவருக்கானவைதாம். அவதூறுக்குப் பின் ஆயிஷா ஒதுங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் பாடம் சொன்ன நீண்ட காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சிரெபோனில் ஒரு முயற்சி

பெண்ணின் மார்க்க அதிகாரம் எங்கிருந்து வரும் என்பதற்கு இந்தோனேசியா ஒரு விடை தந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் மேற்கு ஜாவாவின் சிரெபோன் பகுதியிலுள்ள கெபோன் ஜம்பு பெசந்த்ரனில் பெண் உலமா மாநாடு கூடியது. பெசந்த்ரன் என்பது நம் மத்ரஸா போன்ற உறைவிடக் கல்விக்கூடம். கணவர் மறைந்தபின் அதன் தலைமையை ஏற்று நடத்திவந்த ஞாய் மஸ்ரியா அம்வா மாநாட்டுக்கு இடமளித்தார். பாலியல் வன்முறை திருமணத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஹராம், குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது கடமை, சூழலை அழிப்பது ஹராம் என 3 முடிவுகள் வந்தன. குர்ஆன், ஹதீஸ், முன்னோர் கூற்று ஆகியவற்றோடு நாட்டின் அரசியல் சாசனத்தையும், பெண்கள் பட்ட அனுபவத்தையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது அவர்களுடைய முறை. 2019இல் இந்தோனேசியா பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 19ஆக உயர்த்தியது. 2022இல் வந்த பாலியல் வன்முறைச் சட்டம் மின்னணு வழி வன்முறையையும் குற்றமாக்கியது. இவை மாநாட்டால் மட்டும் வந்தவை அல்ல. வழக்குகளும் நெடிய இயக்கமும் இருந்தன. ஆனால் மார்க்கம் எதிர்க்கிறது என்ற வாதத்தின் பல்லை மாநாடு பிடுங்கியது.

பெண் உலமா இயக்கத்தின் முக்கியச் சிந்தனையாளர்களில் ஒருவர் ஃபகீஹுத்தீன் அப்துல் கோதிர் என்ற ஆண். அவருடைய 'முபாதலா' வாசிப்புமுறை, ஒரு பாலினரை விளித்த வசனத்தின் கருத்தை இருபாலருக்கும் பரஸ்பரமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பெண் உலமா என்பது பிறப்பால் வருவதல்ல, பெண்ணின் நீதியை மனத்தில் கொண்ட அறிஞர் ஆணாக இருந்தாலும் சேர்வார் என்பது அவர்களுடைய விளக்கம். இணையத்தை அவர்கள் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதிகாரம் அங்கே பிறக்கவில்லை. கிதாபு ஓதிய ஆண்டுகள், ஆசிரியர்களின் சங்கிலி, பெசந்த்ரனின் மதிப்பு எல்லாம் முதலில் இருந்தன. திரை அவற்றை எடுத்துச் சென்றது. பின்தொடர்வோர் எண்ணிக்கை சனதுக்கு ஈடாகாது. சாசனத்தை மார்க்க ஆதாரமாக எடுப்பதை ஏற்காத உலமாக்கள் அங்கேயும் உண்டு, அவர்கள் மறுப்பில் ஃபிக்ஹு நியாயமும் உண்டு. தங்கள் முடிவை யார்மீதும் திணிக்கும் அதிகாரம் இந்தப் பெண்களுக்கு இல்லை என்பதே, அவர்கள் ரிவாயத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்பதற்குச் சான்று.

ஒரே மத்ஹபு, ஒரு சொல்

விலாயத்தின் பக்கமும் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபே ஓங்கிய இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அதே மத்ஹபின் மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றத்துக்கு 2 பெண்களை நியமித்தது. அதே மத்ஹபின் இலங்கையில் காதி (காழி) நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பெண் அமர முடியாது. 2009இல் அமைக்கப்பட்ட ஸலீம் மர்சூஃப் குழு 2018இல் இரண்டாகப் பிரிந்து அறிக்கை தந்தது. பிரித்த விஷயங்களில் பெண் காதி நியமனமும் ஒன்று. மூன்று நாடுகளிலும் நூல்கள் ஒன்று, இமாம்கள் ஒன்று. வேறுபட்டது நியமிக்கும் கை.

அச்சேக்குத் திரும்புவோம். அங்கே தலைமைக் காழியாக இருந்த அப்துர் ரஊஃப் சிங்கிலி, அரசி கேட்டுக்கொண்டதால் 1663இல் மலாய் மொழியில் ஒரு ஃபிக்ஹு நூல் எழுதினார். பெண்ணாட்சி பற்றி அவர் நேரடியாக எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் காழிக்குரிய நிபந்தனைகளை அரபியில் அடுக்கி மலாயில் பெயர்க்கும்போது, ஆண் என்று பொருள்படும் 'தகர்' என்ற சொல்லை மட்டும் பெயர்க்காமல் விட்டிருக்கிறார். அது தற்செயலல்ல என்று வரலாற்றாசிரியர் அஸ்யுமார்தி அஸ்ரா கருதுகிறார். சிங்கிலி 1693இல் மறைந்தார். பெண்ணாட்சி கூடாது என்று மக்காவிலிருந்து கருத்து வந்து, கடைசி அரசி 1699இல் இறக்கப்பட்டார்.

அவர் பெயர்க்காமல் விட்ட அந்தச் சொல், இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், காதியாக நியமிக்கப்படுபவரின் தகுதிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது.